ஃபூஜியைப் பார்த்திருந்த ஊர்

ஜப்பான் நாட்டின் ஃபூஜி மலையை நீங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறீர்கள். நேரில் அன்று, நாட்காட்டியில். உச்சியில் வெண்பனியும் சரிவில் நீல நிறமுமாக அந்த மலை எத்தனையோ வீடுகளின் கூடத்துச் சுவரில் ஆண்டு முழுவதும் தொங்கியிருக்கிறது. டிசம்பர் முடிந்த பின்பும் தூக்கி எறிய மனமில்லாமல், படத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டம் போட்டு மாட்டியவர்களும் நம்மில் உண்டு. மலையின் கீழே ஓர் ஏரி. ஏரிக்கரையில் புல் வேய்ந்த சில வீடுகள். மலையின் பெயரை நாம் அறிவோம். ஏரியின் பெயரையோ, அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையோ நாம் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட ஓர் ஊரின் கதையையே இங்கு சொல்லப் போகிறோம். ஊரின் பெயர் நென்பா. ஏரியின் பெயர் சாய்கோ. ‘மேற்கு ஏரி’ என்பது அதன் பொருள்.

3,776 மீட்டர் உயரமுள்ள ஃபூஜி மலையின் வடபுறத்தில், யமனாஷி மாநிலத்தில், ஐந்து ஏரிகள் ஒரு வளைவாக அமைந்துள்ளன. யமனாக்கா, கவாகுச்சி, சாய், ஷோஜி, மொத்தோசு என்பன அவற்றின் பெயர்கள். சுற்றுலாப் பயணிகள் பெருங்கூட்டமாகச் செல்வது கவாகுச்சி ஏரிக்கு. அதற்கு மேற்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், சத்தமில்லாமல் கிடப்பது சாய்கோ. பரப்பளவு 2 சதுர கிலோமீட்டரை ஒட்டியதுதான். ஆனால் ஆழமோ 70 மீட்டருக்கும் மேல். அதன் வடமேற்குக் கரையில், மிசாக்கா மலைத்தொடரின் காலடியில், ஃபூஜிக்கு முகம் காட்டி அமர்ந்திருந்த ஊரே நென்பா.

நெருப்பு பிரித்த ஏரி

ஊருக்கு முன்னால் ஏரியின் கதையைச் சற்றுக் கேளுங்கள். முற்காலத்தில் சாய்கோ தனி ஏரியாக இருக்கவில்லை. ‘சே நோ உமி’ என்று ஒரே பெரிய ஏரி அங்கே பரந்து கிடந்தது. கி.பி. 864-ஆம் ஆண்டில் ஃபூஜி மலையின் வடமேற்குச் சரிவு பிளந்து நெருப்புக் குழம்பு பெருகி வழியலாயிற்று. அந்த வெடிப்பு 866 வரை நீடித்தது. ஏரி நீர் வெந்நீராகக் கொதித்ததையும், மீன்களும் ஆமைகளும் மடிந்ததையும், கரையோரக் குடியிருப்புகள் ஏரியோடு சேர்ந்து புதையுண்டதையும் அக்காலத்து அரசவை வரலாற்று ஏடு குறித்து வைத்திருக்கிறது. குழம்பு ஆறி இறுகிய போது பெரிய ஏரியின் பெரும்பகுதி காணாமற் போயிருந்தது. எஞ்சிய இரு துண்டுகளே சாய்கோவும் ஷோஜியும்.

இதில் ஒரு விந்தை உண்டு. சாய்கோ, ஷோஜி, மொத்தோசு ஆகிய மூன்று ஏரிகளின் நீர்மட்டமும் இன்றுவரை ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கிறது. ஏறினால் சேர்ந்து ஏறுகிறது, இறங்கினால் சேர்ந்து இறங்குகிறது. மேலே பிரிந்து கிடந்தாலும் பூமிக்கு அடியில் பாறை இடுக்குகளின் வழியே நீர் கலந்து கொண்டிருக்கிறது என்று கருதப்படுகிறது. பாகம் பிரித்துக் கொண்ட சகோதரர்கள் சமையலறைக் கிணற்றை மட்டும் பொதுவில் வைத்துக் கொண்டதைப் போல!

இறுகிய நெருப்புக் குழம்பின் மேல், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, மெல்ல மெல்லப் பாசி படர்ந்து, விதை விழுந்து, ஒரு காடு எழுந்தது. சுமார் 30 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அவோக்கிகஹாரா வனம் அதுவே. அங்கே மண் மிகக் குறைவு. வேர் இறங்க இடமில்லாமல் மரங்கள் பாறையின் மேலேயே விரல்களைப் போல் வேர்களைப் பரப்பிக் கிடக்கின்றன. காட்டுக்குள் குகைகள் பல உண்டு. சிலவற்றில் கோடையிலும் பனிக்கட்டி உருகுவதில்லை. இந்தக் குகைகளுக்கும் நென்பாவைப் போன்ற ஊர்களின் அடுப்படிக்கும் ஒரு தொடர்பு இருந்தது. அதை இனிச் சொல்கிறோம்.

கூரைக்குக் கீழே பட்டு

உயரத்தினால் குளிர், எரிமலை மண்ணினால் நீர் நில்லாமை. நெல் விளைவிக்க ஏற்ற பூமி அது அன்று. சோளம், சிறுதானியம், காய்கறி என்று கிடைத்ததை விளைவித்துக் கொண்டும், காட்டில் மரம் வெட்டிக் கரி சுட்டும் அந்த மக்கள் வாழ்ந்தனர். கையில் காசு பார்க்க அவர்களுக்கு இருந்த நல்ல வழி பட்டுப்புழு வளர்ப்பு.

அந்த வீடுகளை நீங்கள் பார்க்க வேண்டும். செங்குத்தான பெரிய புற்கூரை; பக்கவாட்டில் கூரையின் ஒரு பகுதியைக் கத்தரித்துத் தூக்கி விட்டாற்போன்ற அமைப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் பழங்காலப் போர்வீரனின் தலைக்கவசம் போல் தோன்றும். ‘கபுத்தோ’ என்றால் தலைக்கவசம். ஆகவே ‘கபுத்தோ-சுக்குரி’, அதாவது கவச வடிவ வீடு, என்று பெயரிட்டனர். அழகுக்காக அப்படிக் கட்டவில்லை. கூரைக்குள் இருக்கும் மேல்தளத்துக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும். ஏனெனில் வீட்டின் மிகச் சிறந்த இடமாகிய அந்த மேல்தளத்தில் குடியிருந்தவை பட்டுப்புழுக்கள்!

குடும்பத்தார் கீழ்த்தளத்தில் தங்கினர். நடுவில் தரையைத் தாழ்த்தி அமைத்த அடுப்பு எரிந்து கொண்டிருக்கும். அதன் புகை மேலேறிக் கூரைப் புல்லை உலர வைக்கும். பூச்சி அரிக்காமல் காக்கும். கதகதப்பு புழுக்களுக்கும் போய்ச் சேரும். ஒரே நெருப்பில் சோறும் வெந்தது, கூரையும் நின்றது, புழுவும் வளர்ந்தது. இத்தனை சிக்கனமான ஏற்பாட்டை எந்தப் பொறியாளர் வகுத்துக் கொடுத்தார் என்று கேட்டால் விடை இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தலைவிகளும் தச்சர்களும் சேர்ந்து கண்டறிந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

புழு வளர்ப்பு ஏறத்தாழ ஒரு மாதப் பாடு. முட்டையிலிருந்து வெளிவரும் போது மயிரிழை அளவு. நான்கு முறை தோல் உரித்த பின் விரல் நீளம். அந்தக் கடைசி நாட்களில் அதன் பசிக்கு அளவே கிடையாது. இரவிலும் எழுந்து முசுக்கட்டை இலை போட வேண்டும். ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒன்றாக இலையைக் கொறிக்கும் ஓசை, கூரை மேல் மழை பெய்வது போல் கேட்கும் என்பார்கள். இந்த வேலையின் பெரும்பங்கு வீட்டுப் பெண்களுடையது. ஒரு கூட்டிலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் நீளும் ஒற்றை இழை கிடைக்கும். ஜப்பான் ஒரு காலத்தில் வெளிநாட்டுக்கு விற்று இயந்திரங்களும் கப்பல்களும் வாங்கியது இந்த இழையைக் கொண்டுதான்.

குகைகளின் பயனும் இங்கேதான் வருகிறது. பட்டுப்புழு முட்டைகள் குளிரில் உறங்கும். வெப்பம் பட்டால் பொரிக்கும். இலை துளிர்க்கும் காலத்துக்கு முன்பே பொரித்து விட்டால் புழுக்கள் பட்டினியால் மடிந்து விடும். குளிர்பதனப் பெட்டி இல்லாத அந்நாளில் அவோக்கிகஹாராவின் குளிர்ந்த குகையொன்றில் முட்டைகளைச் சேமித்து வைத்தனர். வேண்டும் போது வெளியே எடுத்துப் பொரிக்க விட்டனர். ஊரை எரித்த நெருப்பு விட்டுச் சென்ற குகை, பின்னால் வந்தோருக்குக் குளிர்ப்பெட்டியாயிற்று.

1966 செப்டம்பர் 25

நென்பாவில் சுமார் நாற்பது வீடுகள். சரிவில் வரிசை வரிசையாகப் புற்கூரைகள், ஏரி, வனம், அவற்றுக்கெல்லாம் மேலே ஃபூஜி. இதைவிட அழகான காட்சியை ஓவியர் கற்பனையிலும் காண முடியாது.

1966 செப்டம்பர் இறுதியில் இரண்டு சூறாவளிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஜப்பானை நெருங்கின. அவற்றுள் ‘26-ஆம் எண்’ சூறாவளி 24-ஆம் தேதி நள்ளிரவு கடந்ததும் பசிபிக் கரையில் ஏறி, மிக வேகமாக வடக்கே பாய்ந்து, ஃபூஜிப் பகுதியைக் கடந்து சென்றது. மலையுச்சியில் இருந்த வானிலை நிலையம் அன்று பதிவு செய்த காற்றின் வேகம் நொடிக்கு 91 மீட்டர். மணிக்கு ஏறத்தாழ 327 கிலோமீட்டர். ஜப்பானில் பதிவான உச்சக் காற்று வேகம் என்று இன்றும் சொல்லப்படுவது அதுவே.

அந்த உச்சியில் அப்போது ஒரு புத்தம் புதிய ராடார் இயங்கிக் கொண்டிருந்ததையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 1959-இல் இசே வளைகுடாச் சூறாவளியில் 5,000 பேர் அளவில் மாண்டதை அடுத்து, புயலைத் தொலைவிலேயே கண்டு கொள்வதற்காகப் பெரும் பாடுபட்டு ஃபூஜி உச்சிக்குக் கருவிகளைக் கொண்டு சேர்த்து நிறுவினார்கள். 1965 முதல் அது இயங்கி வந்தது. கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உருவெடுக்கும் சூறாவளியை அதனால் பார்க்க முடிந்தது. ஆனால், எந்த மலையின் எந்தச் சரிவு எந்த நிமிடத்தில் கழன்று விழும் என்பதை எந்த ராடாரும் காட்டாது.

ஊறிக் கனத்திருந்த மிசாக்கா மலைச்சரிவுகள் அந்த நள்ளிரவில் கழன்றன. மண்ணும் பாறையும் வேரோடு பெயர்ந்த மரங்களும் ஓடைப் பள்ளத்தின் வழியே ஒன்றாகத் திரண்டு இறங்கின. பழைய ஜப்பானிய மொழியில் இதற்கு ‘யமா-சுனாமி’ என்று பெயர். ‘யமா’ என்றால் மலை. சுனாமி என்றால் என்ன என்பதை 2004 டிசம்பரில் நம் கரையோர மக்கள் கற்றுக் கொண்டார்கள்; விளக்கம் தேவையில்லை. கடல் அலைக்காவது சில வேளைகளில் நீர் உள்வாங்கும் முன்னறிகுறி உண்டு. மலை அலை இருட்டில், மழையின் இரைச்சலுக்குள், உறங்குகிறவர்களின் மேல் வந்து விழுந்தது.

நென்பாவில் 63 பேர். அதே ஏரிக்கரையில், அதே இரவில், சாய்கோ என்ற அண்டைக் குடியிருப்பில் 31 பேர். ஆக 94 உயிர்கள். இரண்டும் சேர்ந்திருந்த அஷிவதா கிராமத்தின் பெயராலேயே அது ‘அஷிவதா பேரழிவு’ என்று அழைக்கப்படுகிறது. நென்பாவின் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை மண்ணுக்குள் போயின. விடிந்த போது நின்றவை விரல் விட்டு எண்ணக் கூடியவை.

அன்பர்களே, இங்கே சற்று நின்று யோசியுங்கள். அந்த ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக எந்த மலையைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள்? ஃபூஜியை. முன்னோரின் ஏரியைப் பிளந்ததும், 1707-இல் கடைசியாகக் குமுறிச் சாம்பல் கொட்டியதும் ஃபூஜி. அச்சப்படுவதானால் அதற்குத்தான் அச்சப்பட வேண்டும். ஆனால் எமன் வந்த வழி முன்வாசல் அன்று, கொல்லைப்புறம். யாரும் படமெடுக்காத, பெயர் சொல்லாத, விறகு பொறுக்கப் போகிற சாதாரணப் பின்மலை அது.

இன்னொன்றும் உண்டு. மலை நாட்டில் வீடு கட்டச் சமதரை கிடைப்பது அரிது. ஓடை மலையிலிருந்து வெளிப்படும் இடத்தில் விசிறி போல் விரிந்த மெல்லிய சரிவுகளில்தான் ஊர்கள் அமையும். அங்கே குடிக்க நீர் உண்டு. உழ மண் உண்டு. நென்பாவும் அப்படி அமைந்த ஊரே. ஆனால் அந்த விசிறி நிலம் எப்படி உண்டாயிற்று? அதே ஓடை முன்பொரு காலத்தில் அடித்துக் கொண்டு வந்து கொட்டிய மண்ணாலும் கல்லாலும்தான். ஊர் பிறக்கக் காரணமானதே ஊரை மூடிவிட்டது. முந்திய பெருக்கைப் பார்த்தவர்கள் மறைந்து, கேட்டவர்களும் மறைந்து, பல தலைமுறைகள் ஆன பின் அடுத்தது வந்தால் யாருக்கு நினைவிருக்கும்?

இந்த அழிவுக்குப் பிறகே, மண்ணும் பாறையும் பெருகி இறங்கும் அபாயமுள்ள ஓடைகளை நாடு முழுவதும் கணக்கெடுக்கும் பணியை ஜப்பானிய அரசு மேற்கொண்டது. நென்பாவுக்கு மேலே ஓடைகளின் குறுக்கே படிப்படியாகத் தடுப்பணைகள் எழுந்தன. இவை நீரைத் தேக்குவதற்கு அல்ல. பாறையையும் மரத்தையும் பிடித்து நிறுத்தி, வேகத்தை முறிப்பதற்கு. ‘சாபோ’ என்று அவர்கள் அழைக்கும் இந்தக் கலையில் இன்று உலகுக்கே பாடம் சொல்பவர்கள் அவர்கள்.

தப்பியவர்கள் பழைய இடத்தில் மீண்டும் வீடு கட்டிக் கொள்ளவில்லை. ஒன்றாகப் பெயர்ந்து ஏரிப்பகுதியிலேயே வேறோர் இடத்தில் குடியேறினர். பலர் தங்கள் வீடுகளையே பயணிகள் தங்கும் விடுதிகளாக்கிக் கொண்டனர். ‘மின்ஷுக்கு’ எனப்படும் இந்த ஏற்பாட்டில் விருந்தினர் குடும்பத்தோடு ஒரே கூரையின் கீழ் தங்கி, அவர்கள் சமைப்பதை உண்பார்கள். பட்டும் போய் வீடும் போன குடும்பங்களுக்கு அடுப்பு எரிந்தது இப்படித்தான்.

மீண்டும் எழுந்த கூரைகள்

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பழைய நென்பாவில் குடியிருப்பு இல்லை. 2003-இல் அஷிவதா, அண்டை ஊர்களோடு இணைந்து ஃபூஜிகவாகுச்சிகோ நகராட்சி ஆயிற்று. நகராட்சி அந்த இடத்தில் பழைய பாணியிலேயே புற்கூரை வீடுகளைக் கட்ட முனைந்தது. 2006-இல் ‘சாய்கோ இயாஷி நோ சாத்தோ நென்பா’ என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. ‘மனப்புண் ஆற்றும் ஊர்’ என்று பொருள் கொள்ளலாம். இன்று அங்கே 20 வீடுகள் நிற்கின்றன. ஒன்றில் மட்பாண்டம் வனைகிறார்கள், இன்னொன்றில் கைக்காகிதம், வேறொன்றில் பட்டுக் கைவினை, மற்றொன்றில் உணவு. கிமோனோ உடுத்திப் படமெடுத்துக் கொள்ளவும் வசதி உண்டு.

நுழைவுச் சீட்டு வாங்கிக் கொண்டு உள்ளே போகும் ஊர் இது. மாலையானால் மூடிவிடுவார்கள். எந்த அடுப்பிலும் இரவுச் சோறு வேகாது; எந்த மேல்தளத்திலும் புழுவுக்கு இலை போடக் குடும்பத்தலைவி எழுந்து வரமாட்டாள். இதைப் படித்தறிந்த போது எமக்கு முதலில் ஒரு நெருடல் ஏற்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 63 பேர் மாண்ட மண்ணில் கடைவீதியா? ‘ஆறுதல்’ என்ற பெயர் யாருக்கு, இறந்தவர்களுக்கா, படமெடுக்க வருபவர்களுக்கா?

பிறகு வேறொன்றை அறிந்து எம் கருத்தைச் சற்று மாற்றிக் கொண்டோம். அந்த 20 வீடுகளுள் ஒன்று 1966-ஐப் பற்றிய காட்சிக்கூடம். அழிவுக்கு முந்திய ஊரும், அழிந்த ஊரும், மண்சரிவு எப்படி நிகழ்கிறது, தடுப்பணை எப்படி வேலை செய்கிறது என்பதும் அங்கே விளக்கப்படுகின்றன. வெறும் நினைவுத்தூண் ஒன்றை நட்டிருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை உறவினர் வந்து போயிருப்பர். அழகைப் பார்க்க வரும் வெளிநாட்டுக் குழந்தையும் அந்தக் கூடத்துக்குள் எட்டிப் பார்க்கிறது என்றால் அது சிறிய காரியமா? ஆயினும் எம் நெருடல் முற்றிலும் தீர்ந்தது என்று சொல்வதற்கில்லை.

செத்துப் பிழைத்த மீன்

சாய்கோ ஏரியைப் பற்றிச் சொல்ல வந்தால் ஒரு மீனைச் சொல்லாமல் விட முடியாது.

ஜப்பானின் வடக்கே அக்கிட்டா மாநிலத்தில் தாசாவா என்றோர் ஏரி. ஆழம் 423 மீட்டர், நாட்டிலேயே ஆழமானது. குனிமாசு என்ற கருநிற மீன் உலகில் வேறெங்குமின்றி அந்த ஏரியில் மட்டும் வாழ்ந்து வந்தது. (‘மாசு’ என்பது அவர்கள் மொழியில் ஒரு மீனினத்தின் பெயர், நம் தமிழ் மாசு அன்று.) 1940-இல் மின்சார உற்பத்திக்கும் பாசனத்துக்குமாக, வெந்நீர் ஊற்றின் அமிலம் கலந்த தாமா ஆற்று நீரைத் தாசாவா ஏரிக்குள் திருப்பி விட்டார்கள். சிறிது காலத்தில் ஏரியின் மீன்கள் ஏறக்குறைய அனைத்தும் மடிந்தன. குனிமாசு பூண்டோடு அற்றது என்று ஏட்டில் எழுதி முடித்தார்கள்.

ஊராருக்கோ மனம் ஆறவில்லை. 1990-களில், உயிருள்ள குனிமாசு ஒன்றைக் கொண்டு வருவோருக்கு 10 லட்சம் யென் பரிசு என்று உள்ளூர்ச் சுற்றுலாச் சங்கம் அறிவித்தது. பின்னர் 50 லட்சமாக உயர்த்தியது. ஒருவரும் கொண்டு வரவில்லை.

மீன் எங்கே இருந்தது தெரியுமா? சாய்கோவில்! அழிவுக்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1935-இல், குனிமாசு முட்டைகளைச் சாய்கோவுக்கும் அனுப்பியிருந்தார்கள். பிழைத்ததா என்று பின்னர் யாரும் கவலைப்படவில்லை. சாய்கோ மீனவர்களோ வலையிலும் தூண்டிலிலும் அவ்வப்போது அகப்படும் கருப்பு மீனைக் ‘குரோமாசு’, அதாவது கருமீன், என்று அழைத்து, வேறொரு மீனின் நிறம் மாறிய வகை என்று எண்ணிச் சாதாரணமாக உண்டு வந்தார்கள். உலகம் தேடிய பொருள் அவர்கள் வீட்டுத் தட்டில் இருந்தது.

2010-இல் கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் நக்காபோ தெத்சுஜி, குனிமாசுவின் படம் ஒன்றை வரைந்து தருமாறு ‘சக்கானா-குன்’ என்ற மீன் ஓவியரிடம் கேட்டார். ஒப்பிட்டு வரைவதற்காக உறவு மீன்களைச் சாய்கோவிலிருந்து ஓவியர் வரவழைத்தார். வந்தவற்றுள் சில கருப்பாக இருப்பதைக் கண்டு ஐயுற்று, பேராசிரியரிடம் கொண்டு போனார். உடலமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்து, இது குனிமாசுதான் என்று அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தார்கள். தாமும் மீன் ஆராய்ச்சியாளரான அன்றைய ஜப்பானியப் பேரரசர் அக்கிஹித்தோ, தம் பிறந்த நாள் உரையாடலில் இதைக் குறிப்பிட்டு மகிழ்ந்தார்.

ஆயினும் சொந்த ஏரி இன்னும் மீனுக்குத் தயாராகவில்லை. தாசாவாவின் அமிலத்தைத் தணிக்கும் வேலை பல ஆண்டுகளாக நடந்தும் நீர் முழுமையாகத் திரும்பவில்லை. ஆகவே அரசின் பட்டியலில் குனிமாசு 2013-இல் ‘அழிந்தது’ என்ற பிரிவிலிருந்து ‘இயற்கை வாழிடத்தில் அழிந்தது’ என்ற பிரிவுக்கு மாறியதோடு நிற்கிறது. அதே 2013-இல்தான் ஃபூஜி மலையும், சாய்கோ உள்ளிட்ட அதன் ஏரிகளும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றன. இப்போது சாய்கோ கரையில் குனிமாசுவுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. மீனோ குளிர்காலத்தின் முடிவில், கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், முப்பது மீட்டருக்கும் கீழே, தன் பாட்டுக்கு முட்டையிட்டுக் கொண்டிருக்கிறது.

உங்கள் பிள்ளைகளில் எவரேனும் வேலைக்கோ படிப்புக்கோ ஜப்பான் செல்ல நேர்ந்தால், கவாகுச்சிகோ ரயில் நிலையத்திலிருந்து சாய்கோவைச் சுற்றிச் செல்லும் பேருந்து நென்பாவுக்குப் போகும் என்பதைக் குறித்துக் கொள்ளச் சொல்லுங்கள். வானம் தெளிவாக இருக்கும் காலை வேளையே நல்லது. புற்கூரைகளுக்கு இடையே ஃபூஜி நிற்கும் அந்தப் படத்தை அவர்கள் தவறாமல் எடுத்து அனுப்புவார்கள். எடுத்து முடித்த பின், அதே இடத்தில் நின்றபடி வடக்கே ஒருமுறை திரும்பி, பின்மலை ஓடையில் படிப்படியாக ஏறும் கற்சுவர்களையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.